விரல் அறிந்த எழுத்து

மத்தியப் பள்ளிகள் பலவற்றில் முதல் வகுப்புக்கு முன்னதாக மழலையர் வகுப்புகள் நடைபெறுகின்றன. அவற்றிற்குப் பாலவாடிகா என்று பெயர். அந்த வகுப்பறையைக் கடந்து செல்லும் பெரிய வகுப்பு மாணவர்கள் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதுண்டு. உள்ளே ஒரு குழந்தை, தட்டில் பரப்பிய ரவையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருக்கும். இன்னொரு குழந்தை ராஜ்மா விதைகளைக் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கும். வேறொன்று களிமண்ணை நீளமாக உருட்டி, அதை வளைத்து ஏதோ ஓர் எழுத்தைச் செய்ய முயலும். "இவர்களுக்கென்ன, நாளெல்லாம் விளையாட்டு!" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவர். அந்தப் பெருமூச்சில் பாதி பொறாமை, மீதி அறியாமை. உண்மையில் அக்குழந்தைகள் அந்த நேரத்தில் எழுதவும் எண்ணவும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பென்சிலும் நோட்டும் இல்லாததால் அது நம் கண்ணுக்குப் படிப்பாகத் தெரிவதில்லை.

எழுதுவது கண்ணாலும் மூளையாலும் ஆகும் வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். எழுத்தின் வடிவத்தைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டால் போதும், கை தானாக எழுதிவிடும் என்பது அவர்களது கருத்து. கை அவ்வளவு எளிதாகப் பணிவதில்லை. பென்சிலைப் பிடிக்கக் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். தோளும் முழங்கையும் அடங்கியிருக்க, மணிக்கட்டு மட்டும் நுட்பமாக அசைய வேண்டும். அந்த மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தைக்கு அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாக இறுகுகின்றன. கடைசி எலும்பு உருப்பெறுவதற்கு 8 முதல் 12 வயது வரை ஆகிவிடும். ஆகவே நான்கு வயதுக் குழந்தையிடம் நான்கு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, ஒரே எழுத்தைப் பக்கம் முழுவதும் எழுதச் சொன்னால் என்ன நிகழும்? குழந்தை பென்சிலைக் கைப்பிடிக்குள் இறுக்கிக்கொள்ளும். அழுத்தி எழுதித் தாளைக் கிழிக்கும். விரல் வலிக்கிறது என்று அழும். அந்த எழுத்தைக் கற்றதோ இல்லையோ, எழுதுவது துன்பம் என்பதைக் கற்றுக்கொள்ளும்.

இதனால்தான் மழலையர் வகுப்பில் முதலில் கைக்கு வேலை கொடுக்கிறார்கள். களிமண் பிசைதல், சப்பாத்தி மாவை உருட்டுதல், மணி கோத்தல், துணி மாட்டும் கிளிப்பை அழுத்தித் திறத்தல், ஒரு குவளை நீரைச் சிந்தாமல் மற்றொன்றில் ஊற்றுதல் முதலிய யாவும் எழுத்துப் பயிற்சியின் முதற்படிகளே. கிளிப்பை அழுத்தும் அதே மூன்று விரல்கள்தான் பின்னாளில் பென்சிலைப் பிடிக்கப் போகின்றன.

கை ஆயத்தமானாலும் மற்றொரு சிக்கல் காத்திருக்கிறது. பிறந்தது முதல் குழந்தை தன்னைச் சுற்றியுள்ள பொருள்களைப் பார்த்து ஓர் உண்மையை உறுதியாக அறிந்து வைத்திருக்கிறது. கரண்டியை எப்படித் திருப்பி வைத்தாலும் அது கரண்டிதான். நாற்காலி கவிழ்ந்து கிடந்தாலும் நாற்காலிதான். இந்த உறுதியோடு அது எழுத்துலகுக்குள் நுழைகிறது. அங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறது. ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ஒரு கோலும் ஒரு வளையமும் சேர்ந்த வடிவம் ஒன்றே. வளையம் கோலின் வலப்புறம் கீழே இருந்தால் ஓர் எழுத்து, இடப்புறம் இருந்தால் வேறோர் எழுத்து. மேலே ஏறினால் மற்றும் இரண்டு எழுத்துகள். பொருள் ஒன்று, பெயர் நான்கு! திசை மாறினால் பெயரும் மாறும் என்பதைக் குழந்தை வாழ்க்கையில் முதன்முறையாக எழுத்திடம்தான் சந்திக்கிறது. ஐந்து வயதில் எழுத்தை இடவலம் மாற்றி எழுதும் குழந்தையை மந்தம் என்று கடிந்துகொள்வோர், அக்குழந்தை அதுவரை கற்ற நல்ல பாடம் ஒன்றைத்தான் எழுத்துக்கும் பொருத்திப் பார்க்கிறது என்பதை மறந்துவிடுகின்றனர்.

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்வடிவங்கள் விரலுக்கு ஒன்றாகத் தோன்றுவதில்லை. ஒன்றில் விரல் முதலில் கீழே இறங்கிப் பின் வலமாக வளைகிறது. மற்றொன்றில் முதலில் இடமாக வளைந்து பின் மேலே ஏறுகிறது. பார்வையில் குழம்பும் இரண்டு எழுத்துகள், அசைவில் இரண்டு வெவ்வேறு பயணங்களாகி விடுகின்றன. தொட்டுக் கற்கும் முறையின் உயிர்நாடி இதுவே.

இவ்வுண்மையை ஒரு கருவியாகவே வடித்துக் கொடுத்தவர் மரியா மாண்டிசோரி. இத்தாலி நாட்டில் 1870ஆம் ஆண்டு பிறந்த இவர் மருத்துவம் பயின்றவர். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குத் தொடுவுணர்வின் வழியே கற்பித்துப் பயன் கண்ட அவர், அம்முறையை ஏனைய குழந்தைகளுக்கும் பயன்படுத்தலாமே என்று எண்ணினார். 1907 சனவரி 6ஆம் நாள், ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழை மக்கள் வாழும் பகுதியில் அவரது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அங்குப் பயன்பட்ட பொருள்களுள் புகழ்பெற்றது உப்புத்தாள் எழுத்து. மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கத் தச்சர் பயன்படுத்தும் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி, வழவழப்பான அட்டையில் ஒட்டியிருப்பார்கள். குழந்தை சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதும் திசையிலேயே அவ்வெழுத்தைத் தடவிச் செல்லும். தடவும்போதே அதன் ஒலியை வாயால் சொல்லும். விரல் பாதை தவறினால் சொரசொரப்பு மறைந்து வழவழப்புத் தட்டும். தவற்றை ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, விரலே சொல்லிவிடும். சில நாள்கள் சென்றபின் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு அதே எழுத்தைத் தடவி, இன்னது என்று கூறும். இவ்வாறு பழகிய குழந்தைகள் எழுதுகோல் கைக்கு வந்ததும் திடீரென்று எழுதத் தொடங்கினர். அந்த வியப்பை மாண்டிசோரி தம் நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

இந்தியாவுக்கும் மாண்டிசோரிக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, 1939ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. ஏறத்தாழ முந்நூறு பேர் அவரிடம் ஆசிரியப் பயிற்சி பெறத் திரண்டனர். சில மாதங்கள் தங்கித் திரும்புவதே திட்டம். ஆனால் இரண்டாம் உலகப் போரில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராக இறங்கியதால், இத்தாலியரான அவரைப் பகை நாட்டவராகக் கருதிய ஆங்கில அரசு அவரது நடமாட்டத்திற்குக் கட்டுப்பாடு விதித்தது. 1942 முதல் 1944 வரை அவர் கொடைக்கானலில் வாழ்ந்தார். 1946இல் ஐரோப்பா திரும்பும்வரை இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்துக்கொண்டே இருந்தார். போர் பலவற்றை அழித்தது. இந்திய மழலையர் கல்விக்கு மட்டும் எதிர்பாராத ஒரு நன்மையையும் விட்டுச் சென்றது.

எனினும் விரலால் எழுதும் முறை இத்தாலியிலிருந்து இறக்குமதியானது என்று எண்ணிவிடக் கூடாது. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதித்தான் அரிச்சுவடி பயின்றனர். ஓலையும் எழுத்தாணியும் அதற்குப் பின்னரே கைக்கு வந்தன. கேரளத்தில் விசயதசமி அன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைப்பது இன்றும் வழக்கம். வங்காளத்தில் சரசுவதி பூசை நாளில் குழந்தையின் கையில் முதன்முதலாகச் சுண்ணக்கட்டியைக் கொடுக்கின்றனர். அச்சடங்கிற்கு 'ஹாத்தே கொடி' என்று பெயர். வட இந்தியச் சிற்றூர்ப் பள்ளிகளில் தக்தி எனப்படும் மரப்பலகையில் முல்தானி மண்ணைப் பூசி உலர்த்தி, நாணல் எழுதுகோலால் எழுதினர். எழுதி முடித்தபின் கழுவி மீண்டும் மண் பூசினர். ஊர்கள் வேறு, மொழிகள் வேறு. ஆயினும் மணலோ அரிசியோ மண் பூசிய பலகையோ, முதல் எழுத்து தாளில் எழுதப்படவில்லை.

சென்னை மணல் கடல் கடந்தும் சென்றது. 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட பள்ளிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுவதை அவர் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே கற்பிக்கச் சொன்னார். அங்கிருந்த உதவி ஆசிரியர் அதனை விரும்பவில்லை. உடனே பெல் மூத்த மாணவன் ஒருவனை அழைத்து, சிறியவர்களுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும் பணியை அவனிடமே ஒப்படைத்தார். அவன் அதைத் திறம்படச் செய்து காட்டினான். பெல் இதனை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அந்த முறை, சென்னை முறை என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது. மணலில் எழுதத் தயங்கிய அந்த உதவி ஆசிரியரின் மனநிலை மட்டும் இன்றும் முற்றிலும் மறைந்தபாடில்லை.

மாண்டிசோரி இந்தியா வருவதற்கு முன்பே அவரது கருத்துகளைப் படித்து, நம் மண்ணுக்கேற்பப் பயன்படுத்தியவர் குசராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேக்கா. வழக்கறிஞராக இருந்த அவர் அத்தொழிலை விட்டு, 1920இல் பாவ்நகரில் பாலமந்திர் என்னும் குழந்தைகள் பள்ளியைத் தொடங்கினார். அடித்துக் கற்பிப்பதே கல்வி என்றிருந்த காலத்தில், அச்சமற்ற வகுப்பறையை அவர் உருவாக்கினார். மக்கள் அவரை 'மூச்சாலி மா', அதாவது மீசை வைத்த அம்மா, என்று அழைத்தனர். இதைவிடச் சிறந்த பட்டம் மழலையர் ஆசிரியருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் தர இயலாது. அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், பின்னர் மகாராட்டிரத்தின் கோஸ்பாட் பகுதியில் வார்லிப் பழங்குடிக் குழந்தைகளிடையே பணியாற்றினார். குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை என்று குறைகூறாமல், குடிசைகளின் முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டு சென்றார். விலை உயர்ந்த கருவிகளுக்கு அங்கு வழியில்லை. கூழாங்கல், கிளிஞ்சல், இலை, விதை ஆகியவையே கற்றல் கருவிகள் ஆயின. முற்றத்தைக் குறிக்கும் 'ஆங்கன்' என்னும் சொல்லை உடைய அங்கன்வாடி, 1975 முதல் நாடு முழுவதும் அரசுத் திட்டமாக விரிந்தது.

எழுத்துக்குக் கூறியவை எண்ணுக்கும் பொருந்தும். சொல்லப்போனால் எண்ணுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஒன்று முதல் நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் குழந்தையைக் கண்டு பெற்றோர் மகிழ்வர். அக்குழந்தையின் முன் ஏழு புளியங்கொட்டைகளை வைத்து "எத்தனை?" என்று கேட்டுப் பார்த்தால் உண்மை புலப்படும். வாய் வேகமாக ஓடும், விரல் பின்தங்கும். ஒரு கொட்டையை இருமுறை தொடும், மற்றொன்றைத் தாண்டிச் செல்லும். இறுதியில் ஒன்பது என்றோ ஆறு என்றோ முடிக்கும். சரியாகவே எண்ணி ஏழில் நிறுத்தினாலும், "ஆக மொத்தம் எத்தனை?" என்று மீண்டும் கேட்டால் முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தின் பெயர் என்பது அதற்கு இன்னும் தெரியாது. அந்தக் குழந்தைக்கு நூறு வரை தெரிந்திருப்பது ஒரு பாட்டு மட்டுமே. அதே ஏழு கொட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பரப்பி வைத்தால், இப்போது அதிகமாகிவிட்டது என்று சொல்லும் குழந்தைகளும் உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ழான் பியாஜே இத்தகைய விடைகளை ஆராய்ந்து, எண்ணின் நிலைத்தன்மை குழந்தைக்குப் படிப்படியாகவே புலனாகிறது என்று விளக்கினார். பலகையில் எழுதிக் காட்டுவதால் இது விளங்கிவிடாது. குழந்தை தானே கொட்டைகளைப் பரப்பி, மீண்டும் சேர்த்து, எண்ணிப் பார்த்துத்தான் தெளிய வேண்டும்.

மாண்டிசோரி வகுப்பில் பத்து மரக்கோல்கள் உண்டு. முதல் கோலின் நீளம் 10 செ.மீ.; பத்தாம் கோலின் நீளம் 1 மீட்டர். குழந்தை முதல் கோலை விரல் நுனியில் எடுத்து வரும். பத்தாம் கோலுக்கோ இரு கைகளையும் அகல விரிக்க வேண்டும். பத்து என்பது ஒன்றைவிட எவ்வளவு பெரிது என்பதைத் தோள்களே உணர்ந்துவிடும். இன்னொரு கருவி, பூச்சியம் முதல் ஒன்பது வரை எண்ணிட்ட அறைகள் கொண்ட பெட்டி. அதனுடன் 45 குச்சிகள் தரப்படும். ஒவ்வோர் அறையிலும் அதன் எண்ணுக்குரிய குச்சிகளை இட்டு வந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பூச்சிய அறை மட்டும் வெறுமையாக நிற்கும். இல்லாததற்கும் ஓர் எண் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சொற்பொழிவும் விளக்க முடியாது.

இந்தி பேசும் பகுதியில் வளரும் குழந்தைக்கு எண்ணுப் பெயர்களே தனிச் சுமையாக அமைகின்றன. தமிழில் இருபதும் ஐந்தும் சேர்ந்தால் இருபத்தைந்து. பெயரே கணக்கைச் சொல்லிவிடுகிறது. இந்தியில் அது 'பச்சீஸ்'. ஐந்தும் இருபதும் அதற்குள் உருமாறி ஒளிந்திருக்கின்றன. இவ்வாறு நூறு வரை பெரும்பாலான பெயர்களைத் தனித்தனியே நினைவில் கொள்ள வேண்டும். 29ஐ 'உன்தீஸ்' என்பர். முப்பதுக்கு ஒன்று குறைவு என்பது அதன் பொருள். தமிழும் எல்லா இடத்திலும் ஒழுங்காக இருப்பதாகப் பெருமை கொள்ள இயலாது. எண்பது வரை சீராக வந்த வரிசை, தொண்ணூறு என்று நூற்றைத் தன் பெயரில் ஏந்திக்கொள்கிறது. தொள்ளாயிரமோ ஆயிரத்தை ஏந்திக்கொள்கிறது.

பெயர்கள் எவ்வாறு குழப்பினாலும் குச்சிகள் குழப்புவதில்லை. ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தால் கட்டி வைத்தால், இருபத்தைந்து என்பது எல்லா மொழியிலும் இரண்டு கட்டும் ஐந்து உதிரியும்தான். இனி மூன்று கட்டுகளைக் குழந்தையிடம் கொடுத்து, ஒரு குச்சியை எடுக்கச் சொல்ல வேண்டும். குழந்தை கட்டைப் புரட்டிப் பார்த்துத் திகைக்கும். ஒரு கட்டை அவிழ்த்தாலன்றி ஒன்றை எடுக்க இயலாது. அவிழ்த்து, ஒன்றை எடுத்துவிட்டால், இரண்டு கட்டும் ஒன்பது உதிரியும் எஞ்சும். முப்பதுக்கு ஒன்று குறைவு என்ற 'உன்தீஸ்' அந்த நொடியில் பொருளுள்ள சொல்லாகிவிடுகிறது. கழித்தல் கணக்கில் 'கடன் வாங்குதல்' என்று பின்னாளில் மனப்பாடமாகச் சொல்லப்படுவதும் இந்தக் கட்டவிழ்ப்பைத்தான். கட்டை அவிழ்க்காமலே கடன் வாங்கக் கற்றவர்கள், ஆறாம் வகுப்பிலும் எங்கிருந்து வாங்கினோம் என்று தெரியாமல் விழிக்கின்றனர்.

ஆயினும் கையால் செய்யும் எல்லாமே கற்றல் ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிதாக வரைந்த ஓர் எழுத்தின் மேல் பருப்பை ஒட்டுமாறு குழந்தைகளிடம் சொல்லும் வழக்கம் பல பள்ளிகளில் உள்ளது. குழந்தை வலக்கோடியில் நான்கு பருப்பும் மேலே மூன்றும் நடுவில் இரண்டுமாக மனம்போல் ஒட்டும். பார்க்க அழகாக இருக்கும், சுவரில் மாட்டலாம், பெற்றோர் படம் எடுக்கலாம். ஆனால் எழுத்தின் பாதையில் விரல் ஒருமுறைகூடச் சென்றிராது. அதில் குழந்தை கற்றது ஒட்டும் கலையையே. அதே பருப்பை, எழுதத் தொடங்கும் புள்ளியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, பின்னர் அதன்மேல் விரலை ஓட்டி ஒலியையும் சொல்லச் செய்தால், அதுவே நல்ல பாடமாகும். பொருள் ஒன்றே, செய்யும் வரிசையில்தான் வேறுபாடு. விலை உயர்ந்த பெட்டிகளை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் பள்ளியைவிட, ஒரு தட்டு மணலைத் தினமும் பயன்படுத்தும் பள்ளி மேலானது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று வயது முதல் எட்டு வயது வரை உள்ள காலத்தை அடித்தள நிலை என்று வகுத்து, விளையாட்டு வழிக் கற்றலை வலியுறுத்தியது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்கு அறியவும் வேண்டும் என்ற இலக்குடன், 2021இல் நிபுண் பாரத் இயக்கம் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் விளையாட்டுப் பொருள்களும் புதிர்களும் கதைநூல்களும் அடங்கிய 'ஜாதுயி பிட்டாரா', அதாவது மாயப் பெட்டி, வெளியிடப்பட்டது. ஆனாலும் நோட்டு நிறைந்திருக்கிறதா என்று பார்க்கும் வீட்டுக் கண்கள் இன்னும் மாறவில்லை. "அடுத்த வீட்டுக் குழந்தை வாக்கியமே எழுதுகிறதே!" என்ற ஒரு சொல், ரவைத் தட்டை ஓரம் கட்டிவிட்டுப் பென்சிலைக் கையில் திணிக்கப் போதுமானதாக இருக்கிறது. அதற்கான விலையைக் கொடுப்பது குழந்தை. எழுத்தும் எண்ணும் கைவராமல் மேல் வகுப்புக்குச் செல்லும் குழந்தை, பிற பாடங்களிலும் பின்தங்கித் தனக்குப் படிப்பு வராது என்று தானே முடிவு செய்துகொள்கிறது.

மத்தியப் பள்ளி மாணவர்களுக்கு இது மழலையர் வகுப்போடு முடிந்துவிடும் செய்தியன்று. தந்தையோ தாயோ பணிமாற்றம் பெறும்போதெல்லாம் ஊரும் மாநிலமும் மாறுகின்றன. கடைப் பலகையிலும் பேருந்திலும் புதிய எழுத்துகள் எதிர்ப்படுகின்றன. பன்னிரண்டு வயதில் விருப்பமொழியாகத் தமிழைத் தொடங்கும் மாணவர், அந்த ஒரு பாடவேளைக்கு மீண்டும் மழலையர் ஆகிறார். அவருக்கும் விரல் வழி பயன்படும். தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துகள் 247 என்று கேட்டதும் அஞ்ச வேண்டியதில்லை; பல வடிவங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைப்பவை. ஒரு தட்டில் சிறிது மணலை எடுத்துக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரு கோடு இறக்கி வலப்புறம் நீட்டினால் ட. நீட்டிய இடத்திலிருந்து மேலே ஏற்றினால் ப. அந்தப் பகரத்தின் நடுவே ஒரு கோட்டை இறக்கினால் ய. அகரவரிசையில் இவை தொலைவில் இருந்தாலும் விரலுக்கு இவை அண்டை வீடுகள்.

புதிதாகக் கற்போர் பெரிதும் தடுமாறுவது ணகர, னகர வேறுபாட்டில். பார்வைக்கு இரண்டும் சுருண்ட கம்பிகளைப் போலவே தெரியும். மணலில் விரலை ஓட்டினால், ணகரத்தில் விரல் மூன்று முறை சுழல்கிறது. னகரத்தில் இரண்டு முறை. தமிழர் இவற்றை மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்றே பேச்சில் அழைக்கின்றனர். எழுத்தைக் கற்கும் விரல் அங்கே எண்ணவும் செய்கிறது.